கஸ்ஸியின் பாடப் புத்தகமும் கடைக் கணக்கும்

(தோட்டப் பாடசாலை மண்டபத்தில் மாதர் அணியும் இளைஞர்களும் கூடிய மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, தாய்மாரே, கதவுக்கு வெளியே நிற்கிற தம்பிமாரே! உள்ளே வாருங்கள், முன் வாங்கில் இடம் இருக்கிறது.

சம்பளப் பேச்சுவார்த்தை எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்கத்தான் பலர் வந்திருப்பீர்கள். அதைத் தலைவர் பிறகு சொல்வார். எங்களுக்குத் தந்த நேரத்தில் நாங்கள் ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். இரண்டு மாதமாகப் பாடசாலை விட்ட பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லிவந்தோம். பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லியிருப்பார்கள். 'பஸ்ஸைக் குழியில் விழுத்தின கதை' என்றால் சில அம்மாமாருக்கு விளங்கும். அந்தக் கதைதான்.

புத்தகத்தின் பெயர் 'ரோல் ஒஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. இடிமுழக்கமே, என் கூக்குரலைக் கேள் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் மில்ட்ரெட் டெய்லர் என்ற கறுப்பினப் பெண். 1943இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் வடக்கே ஒஹையோவுக்குப் போய்விட்டது. ஊருக்குத் திரும்பி வரும்போதெல்லாம் தகப்பனும் மாமன்மாரும் இராத்திரியில் உட்கார்ந்து சொன்ன பழங்கதைகளைக் கேட்டு வளர்ந்தார். பாடசாலைச் சரித்திரப் புத்தகத்தில் அந்தக் கதைகள் எதுவும் இல்லை என்பதைக் கண்டுதான் எழுதத் தொடங்கினார். இந்த நாவல் 1976இல் வெளிவந்தது. அடுத்த வருசம் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் அதற்குக் கிடைத்தது.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் பெற்ற நாவல் வேறொன்று இருக்கிறது, 'டு கில் எ மொக்கிங்பேர்ட்'. ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வந்தது. செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பினத் தொழிலாளியைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவருக்காக வாதாடுகிற வெள்ளை வழக்கறிஞரின் சின்ன மகள் அதைச் சொல்கிறாள். நல்ல புத்தகம்தான், நாங்களும் படித்தோம். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட டொம் றொபின்சனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா, பிள்ளைகள் தாயிடம் என்ன கேட்டார்கள் என்று அந்தப் புத்தகம் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. டெய்லருடைய நாவலில் கதை சொல்பவளே அந்தப் பக்கத்துப் பிள்ளை. அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு இதைத் தேர்ந்தெடுத்தோம்.

கதை நடப்பது 1933இல். இடம் மிசிசிப்பி. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் நிலம் பழைய முதலாளிமாரிடமே இருந்தது. விடுதலையானவர்களுக்குக் காணி இல்லை, மாடு இல்லை, கையில் காசு இல்லை. ஆகவே அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதார்கள். நிலக்காரர் நிலமும் குடிசையும் கோவேறு கழுதையும் விதையும் தருவார். விளைந்த பருத்தியில் பாதி அவருக்கு. மற்றப் பாதியில், ஒரு வருசமாகக் கடையில் வாங்கின மாவும் எண்ணெயும் துணியும் வட்டியோடு கழியும். கடைக்கு நிலக்காரர்தான் பிணை. பருத்தியை விற்பதும் அவர், கணக்கு எழுதுவதும் அவர். வருசக் கடைசியில் குடியானவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த வருசக் கடன்.

இதைச் சொல்லும்போது இங்கே சில வயசாளிகள் தலையாட்டுவது தெரிகிறது. 'துண்டு' என்ற கடுதாசியைப் பற்றித் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தோட்டம் மாறிப் போகிற தொழிலாளி பேரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்று எழுதின துண்டு. அந்தக் கடனைக் கட்டுகிற துரைதான் ஆளை எடுக்கலாம். 1921இல் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். மிசிசிப்பியில் துண்டு என்ற பெயர் இல்லை, கடைக்காரரின் கொப்பி இருந்தது. ஆளைக் கட்டி வைத்த கயிறு இரண்டு இடத்திலும் கடன்தான். சரி, கதைக்குப் போவோம்.

கதை சொல்பவள் கஸ்ஸி லோகன், ஒன்பது வயசு. அண்ணன் ஸ்டேசிக்குப் பன்னிரண்டு. தம்பிமார் இருவர். அதில் கடைசிக்கு ஆறு வயசு, செல்லப் பெயர் லிட்டில் மேன், அதாவது சின்ன மனுசன். சட்டையில் ஒரு பொட்டு தூசி பட்டாலும் நின்று துடைக்கிற பிள்ளை. பாட்டி இருக்கிறார். தாய் மேரி ஆசிரியை. தகப்பன் டேவிட் லூசியானாவில் தண்டவாளம் போடுகிற வேலைக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறார். ஏனென்றால் லோகன் குடும்பத்துக்குச் சொந்தக் காணி இருக்கிறது. அடிமையாகப் பிறந்த தாத்தா 1887இல் 200 ஏக்கரும் 1918இல் இன்னொரு 200 ஏக்கரும் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டாவது துண்டுக் காணி ஈட்டில் நிற்கிறது. அந்தக் கடனும் வரியும் கட்டத்தான் தகப்பன் தூரத்தில் உழைக்கிறார். பக்கத்துப் பெரிய தோட்டத்தின் சொந்தக்காரர் கிரேஞ்சர். அந்தக் காணி தன் முன்னோருடையது, எப்படியாவது பிடுங்கிவிட வேண்டும் என்று காத்திருக்கிறார்.

பாடசாலையைச் சொல்ல வேண்டும். கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலையில் 320 பிள்ளைகள், ஏழு ஆசிரியர்கள். ஒக்டோபரில் தொடங்கி மார்ச்சில் மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களில் பிள்ளைகள் பருத்திக் காட்டில் நிற்க வேண்டும். வெள்ளைப் பிள்ளைகளின் பாடசாலைக்கு பஸ் ஓடுகிறது. இவர்களுக்கு நடை. மழைக் காலத்தில் அந்த பஸ்காரர் வேண்டுமென்றே ஓரமாக வந்து, நடந்து போகிற பிள்ளைகள் மேல் சேற்றை அடிப்பார். உள்ளே இருக்கிற பிள்ளைகள் சிரிக்கும்.

லிட்டில் மேனுக்கு அன்றைக்கு முதல் நாள் பாடசாலை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாடப் புத்தகம் கொடுக்கப்போகிறார்கள் என்று ஆசையோடு இருக்கிறான். கொடுத்த புத்தகம் அழுக்கு. 'டீச்சர், கொஞ்சம் துப்புரவான ஒன்று தருவீர்களா' என்று கேட்கிறான். டீச்சர் சத்தம் போடுகிறார். சரி என்று திரும்பி வந்து அட்டையைத் திறக்கிறான். எழுத்துக் கூட்டிப் படிக்க ஏற்கெனவே வீட்டில் பழகியிருக்கிறான். உள்ளட்டையில் ஒரு கட்டம் ஒட்டியிருக்கிறது. எந்த வருசம் கொடுத்தது, புத்தகத்தின் நிலை என்ன, வாங்கின பிள்ளை என்ன இனம். முதல் வரியில் 'புதியது', வெள்ளைப் பிள்ளை. அப்படியே ஒவ்வொரு வருசமும் நிலை இறங்கி இறங்கிப் பதினோராவது வரி வரை வெள்ளைப் பிள்ளைகள். பன்னிரண்டாவது வரியில் நிலை 'மிக மோசம்'. இனத்துக்கு நேரே கறுப்பு மக்களைக் கேவலமாகச் சொல்கிற சொல். ஆறு வயசுப் பிள்ளை அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தரையில் எறிந்து ஏறி மிதிக்கிறான்.

அக்கா கஸ்ஸி தன் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறாள். அதிலும் அதே கட்டம். டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறாள், தம்பி ஏன் அப்படிச் செய்தான் என்று விளங்கப்படுத்துகிறாள். டீச்சரும் கறுப்பினத்தவர்தான். அவர் வாசிக்கிறார். அவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. 'நீங்கள் அதுதானே' என்கிற மாதிரி நிற்கிறார். இரண்டு பேருக்கும் அடி விழுகிறது.

இந்த இடத்தை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் பிள்ளை எழும்பி, 'அடித்த டீச்சர் கெட்டவரா?' என்று கேட்டாள். நல்ல கேள்வி. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இரவில் படுத்து யோசிக்க வேண்டிய கேள்வி. அந்த டீச்சர் கெட்டவர் என்று நாவல் சொல்லவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாய் மூடி இருந்தால்தான் பிள்ளைகள் உயிரோடு வளர்வார்கள் என்று அவர் நம்பியிருக்கலாம். அந்த ஊரில் அது பொய்யான பயமும் அல்ல. ஆனால் தாய் மேரி என்ன செய்கிறார்? புகார் சொல்ல வந்த டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க, கடதாசியை அளவாக வெட்டிப் பசை தடவி அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டுகிறார். தன் பிள்ளைகளின் புத்தகத்தோடு நிற்காமல், தான் படிப்பிக்கிற வகுப்புப் புத்தகங்களிலும் ஒட்டுகிறார். கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. ஒரு கடதாசித் துண்டும் கொஞ்சம் பசையும்தான். அந்தப் பசைக்கு அவர் கொடுக்க வேண்டி வந்த விலை பின்னால் வருகிறது.

பஸ்ஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், பிள்ளைகள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சேறு அடித்த கோபத்தில் நாலு பிள்ளைகளும் மத்தியான இடைவேளையில் மண்வெட்டியோடு போய்ப் பாதையில் பள்ளம் தோண்டி வாளியால் தண்ணீர் நிரப்புகிறார்கள். பின்னேரம் வந்த பஸ் அதில் விழுந்து அச்சு முறிகிறது. வெள்ளைப் பிள்ளைகள் மழையில் நடக்கிறார்கள். வகுப்பே கைதட்டியது! ஆனால் அன்றிரவு துப்பாக்கியோடு காரில் ஆட்கள் சுற்றுகிறார்கள் என்று செய்தி வருகிறது. தாங்கள் செய்ததற்குத்தான் வருகிறார்கள் என்று பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்குகிறார்கள். உண்மையில் அவர்கள் வேறு காரணத்துக்காகத் திரிகிறவர்கள். அது பிள்ளைகளுக்குத் தெரியாது. சிரிப்பு வருகிற இடத்திலேயே பயத்தையும் கொண்டுவந்து வைக்கிறார் டெய்லர்.

இனிக் கடையின் கதை. பெரியவர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இது.

கிரேஞ்சரின் நிலத்தில் வொலஸ் என்ற அண்ணன் தம்பிமார் ஒரு கடை வைத்திருக்கிறார்கள். வாரக் குடியானவர்கள் எல்லோருக்கும் கொப்பி அங்கேதான். சாமானோடு கூடச் சாராயமும் சீட்டும் ஆட்டமும். விடலைப் பிள்ளைகள் பின்னேரமானால் அங்கே கூடுவார்கள். இதே வொலஸ்மார்தான் பெரி என்ற குடும்பத்து ஆண்களை உயிரோடு கொளுத்தினவர்கள் என்று ஊருக்கே தெரியும். பொலிசும் இல்லை, வழக்கும் இல்லை. மேரி ஒரு சனிக்கிழமை தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, எரிந்து உருக்குலைந்து கட்டிலில் கிடக்கிற மனுசனைக் காட்டப் போகிறார். அந்தக் கடைக்கு ஏன் போகக் கூடாது என்று வாயால் சொன்னால் போதாது என்று நினைத்திருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாமா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. காட்டியிருக்கக் கூடாது என்றுதான் எங்களில் அநேகம் பேர் சொன்னோம். ஆனால் ஒரு தாய் ஏன் அப்படிச் செய்தார் என்பது விளங்குகிறது.

அன்று தொடக்கம் மேரி வீடு வீடாகப் போகிறார். அந்தக் கடையில் வாங்காதீர்கள், விக்ஸ்பேர்க் பட்டணத்தில் வாங்குவோம் என்கிறார். ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடியானவர் நிதானமாகக் கணக்கைச் சொல்கிறார். கையில் காசில்லை. பட்டணத்தில் கடன் தருவதற்குப் பிணை வேண்டும். நிலக்காரர் பிணை நிற்பது அந்தக் கடைக்கு மட்டும்தான். அப்படியானால் ஆசையிருந்தும் எப்படி விலகுவது? இதைக் கேட்ட பிறகு மேரி பேச்சைக் குறைத்துப் பிணைக்கு ஆள் தேடுகிறார். முதலில் லோகன் குடும்பம் தங்கள் காணியையே பிணை வைக்க நினைக்கிறது. பிறகு ஜேமிசன் என்ற வெள்ளை வழக்கறிஞர் தன் பெயரில் பிணை நிற்க முன்வருகிறார். தோல்வியில்தான் முடியும் என்று தெரிந்தும் நிற்கிறார். சில குடும்பங்கள் சேருகின்றன. லோகன் வண்டி பட்டணத்துக்குப் போய் எல்லோருடைய சாமானையும் ஏற்றி வருகிறது.

ஒரு கூட்டு நடவடிக்கை எதில் நிற்கும், எதில் விழும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன கதையை நாங்கள் படித்ததில்லை. ஆவேசம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் வண்டி ஒன்று கிடைத்து, பிணை ஒன்று கிடைத்த பிறகுதான் காரியம் நகர்ந்தது.

கிரேஞ்சர் சும்மா இருப்பாரா? மேரி வகுப்பில் அடிமை முறையின் கொடுமைகளைப் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது பாடசாலைச் சபைக்காரர் என்ற பேரில் இரண்டு பேரோடு வந்து பின்னால் உட்காருகிறார். பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்து, நீ சொல்வது இதில் இல்லையே என்கிறார். மேரி, எல்லாம் இதில் இல்லை என்கிறார். அட்டையைத் திறந்தால் ஒட்டின கடதாசி. அரசாங்கச் சொத்தைப் பழுதாக்கினாய் என்று அந்த இடத்திலேயே வேலை போகிறது. பதினாலு வருசம் படிப்பித்தவர்.

அடுத்ததாகக் குடியானவர்களுக்கு அடி. இனி எனக்குப் பாதியல்ல, அறுபது வீதம் வேண்டும் என்கிறார் கிரேஞ்சர். கடைக்காரர் பழைய பாக்கி முழுவதையும் உடனே வை, இல்லாவிட்டால் சங்கிலி போட்டு றோட்டு வேலைக்கு அனுப்புவார்கள் என்கிறார். ஓர் இரவு இரண்டு பேர் லோகன் வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, எங்களால் இனி முடியாது என்கிறார்கள்.

அவர்கள் போன பிறகு பன்னிரண்டு வயசு ஸ்டேசி கொதிக்கிறான். நாங்கள் இவ்வளவு செய்கிறோம், இவர்கள் கைவிட்டுவிட்டார்களே என்கிறான். தகப்பன் மகனைத் திருத்துகிறார். எங்களுக்குக் காலுக்குக் கீழே சொந்த நிலம் இருக்கிறது, அவர்களுக்கு அது இல்லை, அவர்களும் மனதில் எங்களைப் போலத்தான் என்கிற கருத்தில் பேசுகிறார். விலகின இருவரை அவர் நல்லவர்கள் என்றோ கெட்டவர்கள் என்றோ சொல்லவில்லை. காலடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்கிறார்.

தோழர்களே, இந்தப் பக்கத்துக்காகத்தான் இன்றைக்கு இந்த மேடையைக் கேட்டு வாங்கினோம். போன முறை வேலைநிறுத்தம் நடந்தபோது எங்கள் டிவிசனில் நாலு குடும்பம் நாலாம் நாள் பெரட்டுக்குப் போனது. ஏன் போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு. ஒரு வீட்டில் பேர் விழாவிட்டால் அடகில் இருக்கிற நகை போய்விடும். மற்ற இரண்டு வீட்டுக் காரணத்தைச் சபையில் சொல்வது சரியில்லை. போனது எங்களுக்கும் வருத்தம்தான். போராட்டம் அந்த நாலு வீட்டால் பலவீனப்பட்டது என்பதை மறைக்கவும் மாட்டோம். ஆனால் இன்றைக்கும் அந்த வீட்டுப் பெண்கள் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். அதைவிட மோசம் எங்கள் வகுப்பில் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார மாட்டோம் என்கிறார்கள். ஒரு பையனுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை இங்கே சொல்ல மாட்டோம், நீங்கள் வீட்டில் பேசின சொல்தான் அது.

இப்போது ரி.ஜே.யின் கதையைக் கேளுங்கள்.

லோகன் வீட்டுக்கு வந்து முடியாது என்று சொன்ன இருவரில் ஒருவர் எவரி. அவருடைய மகன்தான் ரி.ஜே., ஸ்டேசியின் கூட்டாளி. நல்ல பையன் என்று சொல்ல முடியாது. வாய்க்காரன், பொய் சொல்வான், பரீட்சையில் பார்த்தெழுதுவான். ஸ்டேசியின் புது மேற்சட்டையை ஏமாற்றிப் பறித்துக்கொள்கிறான். மேரியின் வேலை போனதற்கும் அவன்தான் காரணம். பரீட்சையில் பிடித்துவிட்டார் என்ற ஆத்திரத்தில் கடைக்குப் போய், டீச்சர் புத்தகத்தில் இல்லாததைப் படிப்பிக்கிறார் என்று வாய்விட்டிருக்கிறான். அது தெரிந்ததும் பாடசாலையில் ஒரு பிள்ளையும் அவனோடு பேசுவதில்லை. வகுப்பில் இல்லை, விளையாட்டில் இல்லை, நடந்து போகிற வழியில் இல்லை.

பிள்ளைகளின் கோபம் நியாயமானது. நாங்கள் அந்த வகுப்பில் இருந்தால் நாங்களும் அப்படித்தான் இருந்திருப்போம். ஆனால் பதினாலு வயசுப் பையன் தனியே எவ்வளவு காலம் நிற்பான்? வயசில் மூத்த இரண்டு வெள்ளைப் பையன்கள் அவனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். புதுச் சட்டை வாங்கிக் கொடுக்கிறார்கள், கூட்டிக்கொண்டு திரிகிறார்கள். முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். பட்டணத்துக் கடையில் முத்துப் பிடி வைத்த ஒரு கைத்துப்பாக்கி மேல் அவனுக்கு ஆசை. எடுத்துத் தருகிறோம் வா என்று ஓர் இரவு கடைக்குள் கூட்டிப் போகிறார்கள். கடைக்காரர் விழித்துவிட, அந்த இருவரும்தான் அவரை அடித்து விழுத்துகிறார்கள். பிறகு அவர் செத்துப்போகிறார். அவர்கள் முகத்தை மறைத்திருந்தார்கள். கறுப்பர்கள் செய்தார்கள் என்று அவர்களே ஊரைக் கூட்டுகிறார்கள், அவர்களே கூட்டத்துக்கு முன்னால் நின்று ரி.ஜே. வீட்டுக் கதவை உடைக்கிறார்கள்.

அடிபட்டு இரத்தத்தோடு ரி.ஜே. அன்றிரவு யாரைத் தேடி வந்தான் தெரியுமா? ஸ்டேசியை. வேறு கூட்டாளி இல்லை. ஸ்டேசி அவனைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப் போகிறான்.

பிறகு கும்பல் கயிற்றோடு நிற்கிறது. ஜேமிசன் தன் காரை நடுவில் நிறுத்தித் தடுக்கிறார், அவர் பேச்சு எடுபடவில்லை. பிள்ளைகள் ஓடிப்போய்த் தகப்பனிடம் சொல்கிறார்கள். அவர் ஏற்கெனவே ஒரு கால் உடைந்தவர். பட்டணத்தில் சாமான் ஏற்றி வருகிற வழியில் சுட்டு, வண்டி காலில் ஏறினதால் வந்த காயம். அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகிறார். துப்பாக்கியைப் பாவித்தால் குடும்பமே அழியும் என்று மேரி கெஞ்சுகிறார். கொஞ்ச நேரத்தில் லோகன் பருத்திக் காட்டில் தீ. மின்னல் விழுந்தது என்கிறார்கள். தீ பரவினால் கிரேஞ்சரின் காடும் எரியும். தூக்குக் கயிற்றோடு வந்த ஆட்களும், தூக்குக்கு ஆளான பையனின் சனங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஈரச் சாக்கால் தீயை அடிக்கிறார்கள். விடியற்காலையில் மழை வருகிறது. ரி.ஜே.யைக் கொல்லாமல் மறியலுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தத் தீயை யார் வைத்தது என்று கடைசியில் கஸ்ஸிக்கு விளங்குகிறது. தன் விளைச்சலுக்குத் தானே தீ வைத்திருக்கிறார் தகப்பன். மகனுடைய சட்டையைப் பறித்த, மனைவியின் வேலையைப் பறித்த பையனுக்காக.

ரி.ஜே.யைத் தனக்கு ஒருநாளும் பிடிக்கவில்லை என்பது கஸ்ஸிக்குத் தெரியும். ஆனாலும் அவனுக்காக அழுகிறாள், எரிந்த நிலத்துக்காகவும் அழுகிறாள். அந்த இடத்தில் நாவல் முடிகிறது.

இதன் தொடர்ச்சியாக 1981இல் டெய்லர் இன்னொரு நாவல் எழுதினார். அதில் ரி.ஜே.யின் வழக்கு வருகிறது. பன்னிரண்டு வெள்ளை ஜூரிமார் மரண தண்டனை கொடுக்கிறார்கள். சங்கமும் வருகிறது. இது கற்பனைச் சங்கம் மட்டும் அல்ல. 1934 ஜூலையில் ஆர்கன்சோ மாநிலத்தில் டைரோன்சா என்ற ஊரில் 18 பேர் கூடி, வாரக் குடியானவர் சங்கம் ஒன்றை உண்மையாகவே தொடங்கினார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். பருத்தி விலையைக் கூட்ட நட்ட பருத்தியை உழுது அழிக்கச் சொல்லி அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்தப் பணம் நிலக்காரரின் பையோடு நின்றுவிட்டது. குடியானவர்களை நிலத்தை விட்டுத் துரத்தினார்கள். அதிலிருந்து பிறந்தது அந்தச் சங்கம். கறுப்பருக்கு வேறு, வெள்ளையருக்கு வேறு என்று இரண்டு சங்கம் வைப்போமா என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே வந்தது. ஒன்றுதான் என்று முடிவெடுத்தார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அது சின்ன முடிவல்ல.

அதே இரண்டாவது நாவலில் லீ ஆனி என்ற வயசான பெண் ஒருவர் வருகிறார். சாவதற்கு முன் ஒரு தடவை வாக்குப் போட வேண்டும் என்று, அரசியல் யாப்பைப் பிள்ளைகளோடு சேர்ந்து மனப்பாடம் செய்கிறார். சோதனை வைத்துத்தான் பதிவார்கள் என்பதால். போய்க் கேட்கிறார். பதியவில்லை. மாறாகக் குடியிருந்த இடத்தை விட்டு எழுப்பிவிடுகிறார்கள். 1948 சட்டத்தில் குடியுரிமையும் பின்னாலேயே வாக்கும் போன எங்கள் பாட்டிமாரில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள், அந்தப் பகுதியைக் கேட்க வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அவர்கள் சொல்வதையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். டெய்லருக்கும் கதை அப்படித்தான் வந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு இதே மண்டபத்தில் அந்த இரண்டாவது புத்தகத்தைத் தொடங்குகிறோம். சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மடுவத்து அக்கா வருகிறார், ஆகவே பிள்ளைக்காரிகளும் வரலாம். தேத்தண்ணிக்குச் சீனி கொண்டுவருகிறவர்கள் மாதர் அணித் தலைவியிடம் பெயர் கொடுங்கள். அந்த நாலு வீட்டுக்கும் நேற்றுப் பின்னேரம் நாங்கள் நேரில் போய்ச் சொன்னோம். மூன்று வீட்டில் வருகிறோம் என்றார்கள். நாலாவது வீட்டில் அந்தப் பையன் கதவுக்குப் பின்னால் நின்று, தான் எந்த வாங்கில் உட்கார வேண்டும் என்று கேட்டான். ஸ்டேசியாக வாசிக்க ஆள் இல்லை, முன் வாங்கில் உட்காரு என்று சொல்லிவிட்டு வந்தோம்.